கூடத்து ஸ்விட்சின் பித்தளை மூடி

தம்பி,

இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து முப்பது வருஷமாக ஊரார் சொத்துக்குப் பத்திரம் எழுதியவன் நான். அடித்தல் இருந்தால் பக்கத்தில் எழுதினவன் கையெழுத்து இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். இனிமேல் வருவதை அடிக்காமல் திருத்தாமல் எழுத வேண்டும் என்றுதான் காலையிலேயே உட்கார்ந்தேன். விரல் கணுவெல்லாம் வலிக்கிறது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதுவும் அலுத்துவிட்டது. ஆனாலும் இதை எனக்குப் பதிலாக வேறு யாரும் எழுத முடியாது.

உன் மனைவி பாக்கியம் ஆடிக்கு அவள் அப்பா அழைத்துப்போகச் செந்துறைக்குப் போனவள். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆவணி பிறந்ததும் போய்க் கூப்பிட்டு வருவதும் எல்லாரும் செய்வதுதான். நாம் கூப்பிடவில்லை. இப்போது மார்கழி. "விளக்கு அவ கைக்கு நிக்கல, அவளா எதையோ கெளப்பி வுட்டுட்டு ஆடுறா" என்று உன் அம்மா சொன்னாள். திருச்சியில் ஒர்க்‌ஷாப் வேலையில் இருக்கிற நீ, "உங்க இஷ்டம்" என்று ஒரு கார்டு எழுதிப் போட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. உன் அம்மா தெரியாமல் பேசினாள். நீ தெரிந்துகொள்ளாமல் இருந்தாய். உண்மை தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். பாக்கியம் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவாளா மாட்டாளா என்பது இனி உன் கையில் இருக்கிறது. அதனால் நடந்ததை நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் வீட்டுக்குக் கரண்டு வந்த கதை உனக்குத் தெரியும். அதில் ஒரு பகுதி தெரியாது. உன் கல்யாணத்துக்கு முன்னால் கூடத்தில் எலெக்ட்ரிக் லைட் எரிந்தாக வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். செந்துறைப் பக்கம் அப்போது அரிக்கேன் விளக்குதான். சம்பந்தி வீட்டார் உள்ளே நுழையும்போது நான் கையைத் தூக்கி ஒரு தட்டுத் தட்ட, உத்திரத்திலிருந்து தொங்குகிற பல்பு பளிச்சென்று எரிய வேண்டும், அவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. யுத்தம் முடிந்தும் கடையில் புது ஒயர் கிடைக்கவில்லை. எழுதி வைத்துவிட்டுக் காத்திருங்கள் என்றார்கள். நான் காத்திருக்கவில்லை. ஒரு நெல் மில்லைப் பிரித்தபோது கழற்றிய பழைய ஒயரைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தேன். ஒயர்மேன் காதர் பாய் அதை விரலால் மடித்துப் பார்த்தார். மேலே சுற்றியிருந்த ரப்பர் பொரபொரவென்று உதிர்ந்தது. "வேணாம் சார், இது ஆயுசு முடிஞ்ச ஒயரு. ரெண்டு மாசம் பொறுங்க, நல்லதாப் போட்டுத் தரேன்" என்றார். "கல்யாணத்துக்குள்ள எரியணும் பாய், அப்புறம் மாத்திக்கலாம்" என்றேன். அப்புறம் நான் மாற்றவில்லை. எரிகிற விளக்கை யார் போய் மாற்றுவார்கள்?

ஸ்விட்சை எங்கே வைப்பது என்பதிலும் என் கோணல் புத்தி விடவில்லை. தெருப் பிள்ளைகள் வந்து தட்டி விளையாடக் கூடாது, வாசலில் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படவும் வேண்டும் என்று, நிலைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே வைக்கச் சொன்னேன். வட்ட மரக்கட்டை, அதன் மேல் பீங்கான், அதை மூடிக்கொண்டு கவிழ்த்த கிண்ணம் போலப் பித்தளை மூடி, நடுவில் ஒரு கறுப்புக் குமிழ். உன் அம்மா குள்ளம் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அவள் சமையல் அறையிலிருந்து அந்தக் கால் வைத்த பலா மணையைத் தூக்கி வந்து ஸ்விட்சுக்குக் கீழே போட்டுக்கொண்டாள். ஏறி நின்றால்தான் அவளுக்கு எட்டும். அதன் பிறகு அந்த மணை அங்கேயே கிடந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதில் கால் இடித்துக்கொண்டார்கள்.

வீட்டில் விளக்கு என்றால் பெண்களுக்கு அது விளக்குதான். எண்ணெயில் எரிந்தால் என்ன, ஒயரில் எரிந்தால் என்ன. சாயங்காலம் கை கால் முகம் கழுவிக்கொண்டு, துடைத்தும் துடைக்காமலும் வந்து, ஸ்விட்சைத் தட்டிவிட்டு அந்தப் பித்தளையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள் உன் அம்மா. வெள்ளிக்கிழமை காலையில் குத்துவிளக்கைத் தேய்க்கும்போது, இதையும் தேய்க்காமல் விட்டால் குறை என்று ஆரம்பித்தாள். நான்தான் அவளுக்கு வழி சொல்லிக் கொடுத்தேன். மெயினை நிறுத்திவிட்டு, அந்த மூடியைத் திருகினால் தனியாகக் கழன்று வரும். கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து திரும்பத் திருகி, சந்தனமும் குங்குமமும் வைப்பாள். வாரம் தவறாது. பொன் மாதிரி மின்னும். ஆபீசுக்குப் பத்திரம் எழுத வருகிற கட்சிக்காரர்களிடம் நானே சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன், "எங்க வூட்டு ஸ்விட்சுக்கு வெள்ளிக்கிழமை பூசை உண்டு" என்று.

பிறகு நீ வைகாசியில் பாக்கியத்தைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாய். நல்ல உயரமான பெண். நம் வீட்டுச் சமையல் அறை நிலையில் முதல் நாளே தலை இடித்துக்கொண்டாள். "நெட்டைக் கொக்கு" என்று உன் அம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள், நாங்கள் எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். மருமகள் வந்ததும் விளக்குப் போடுகிற வேலையை உன் அம்மா முறைப்படி அவளிடம் கொடுத்தாள். அவளுக்கு மணை தேவையில்லை. கால் கழுவிய ஈரத்தோடு வந்து, மணையைக் காலால் தள்ளிவிட்டு, தரையில் நின்றபடியே கையை உயர்த்தித் தட்டுவாள். அவள் அம்மா சொல்லிக் கொடுத்த பழக்கம் போலிருக்கிறது, உள்ளங்கை முழுவதும் பித்தளையில் பதிய வைத்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம் பாக்கியம் வீல் என்று கத்தினாள். நான் உள்ளே கணக்கப்பிள்ளை ஒருவருக்குப் பத்திர நகல் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் அவள் சுவரோரம் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "கையைப் புடிச்சுக் கடிச்ச மாதிரி இருந்திச்சிங்க மாமா" என்றாள். உன் அம்மா கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள், என்ன என்று கேட்டாள், நேரே மணையில் ஏறி ஸ்விட்சைத் தட்டினாள், மூடியை அழுத்தித் தொட்டாள். ஒன்றும் இல்லை. "எனக்கு ஒண்ணும் பண்ணலையே?" என்றாள். அடுத்த வாரம் இரண்டாம் தடவை. அப்போதும் உன் அம்மா மணையில் ஏறித் தொட்டாள், அப்போதும் ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவை பாக்கியம் விளக்குப் போட மாட்டேன் என்று அழுதாள். "அத்தே, சத்தியமா அடிக்குது அத்தே" என்றாள். "அதே ஸ்விட்சு, அதே ஈரக் கை. என்னை அடிக்காதது உன்னை மட்டும் அடிக்குமா? விளக்கு வெக்கிற வேலைக்கு வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு, விளக்கு மேல பழி போடாத" என்றாள் உன் அம்மா. அவள் நியாயம் அவளுக்கு. தொட்டுப் பார்த்துவிட்டுத்தானே சொல்கிறாள்? பக்கத்து வீட்டுக்காரி, "சில பேரு கையை விளக்கு ஏத்துக்காதுக்கா" என்று ஒரு வார்த்தை விட்டாள். அந்த வார்த்தை நாலு வீடு போய்த் திரும்பி நம் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

இனி நான் எழுதப் போவதைத்தான் இத்தனை நாளாக எழுதாமல் தள்ளிப் போட்டேன். ஆனி கடைசியில் ஒரு நாள் பகலிலேயே வானம் இருட்டிக்கொண்டு பெருமழை. ஆபீசிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தேன். உன் அம்மாவும் பாக்கியமும் கொல்லையில் காய்ந்த விறகை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடம் இருட்டாக இருந்தது. ஈரக் காலோடு நின்று கையை உயர்த்தினேன். தோள்பட்டை வரைக்கும் ஒரு இழுப்பு இழுத்தது, தம்பி. பல் கிட்டிப் போயிற்று. குடை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழுந்து சுற்றிலும் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. குடையை எடுத்து மூலையில் சாத்தி வைத்தேன், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டேன், இருட்டிலேயே போய் உட்கார்ந்தேன். பாக்கியம் வந்தாள். "விளக்குப் போடலைங்களா மாமா?" என்று கேட்டாள். "வேணாம்மா, வெளிச்சம் கண்ணு கூசுது" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொன்னால் காதர் பாயைக் கூப்பிட வேண்டும். அவர் வந்தால், "அன்னைக்கே சொன்னேனே சார்" என்பார். ஆயுசு முடிந்த ஒயரைப் பிடிவாதமாகப் போடச் சொன்னவன் நான் என்பது உன் அம்மாவுக்கு, சம்பந்திக்கு, தெருவுக்குத் தெரிந்துபோகும். அந்த லைட்டைக் காட்டி எத்தனை பேரிடம் மீசையை முறுக்கியிருக்கிறேன்! நாளைக்குச் சொல்லலாம், ஒயர் கிடைத்ததும் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். தள்ளத் தள்ள உன் அம்மாவின் பேச்சு பாறாங்கல்லாக இறுகிக்கொண்டே போயிற்று. அதை நகர்த்துகிற தெம்பு எனக்கு இல்லை. ஒன்று மட்டும் செய்தேன். நானே சாயங்காலம் சீக்கிரம் வந்து, உலர்ந்த கையால், குமிழை மட்டும் நகத்தால் தட்டி விளக்கைப் போட்டேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அவள் மேல் விழுந்த பேச்சிலிருந்து அவளைக் காப்பாற்றவில்லை.

இப்படிச் செய்வது எனக்கு முதல் தடவை இல்லை. உனக்கு ஒன்பது வயசில் காது வலிக்கிறது என்றாய். அன்றைக்குக் கணக்குப் பரீட்சை. காதில் டார்ச் அடித்துப் பார்த்தேன், வெளியே ஒன்றும் தெரியவில்லை. "வேஷம் போடுறியா?" என்று கேட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். மூன்றாம் நாள் தலையணையெல்லாம் சீழ். இன்றைக்கும் உன் இடது காது மந்தம்தான், இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் நீ திரும்புவதில்லை. அதற்காக ஒரு நாளும் நீ என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கே வலித்தாலும் நீ சொல்வதை விட்டுவிட்டாய். வலியைச் சொல்லக் கூடாது, பிறர் சொன்னாலும் கேட்கக் கூடாது என்று நான்தான் உனக்குக் கற்றுக் கொடுத்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. அது எனக்குப் பெரிய வேதனை.

ஆடியில் அவள் அப்பா வந்து கூட்டிப் போனார். ஆவணியில் அவர் எழுதிய கடிதத்துக்கு, "பார்த்துச் சொல்கிறோம்" என்று பதில் எழுதியது என் கைதான். எவ்வளவு வில்லங்கச் சொத்துக்கும் வழுவழுவென்று வாசகம் எழுதிப் பழகிய கை. பிறகு பழையபடி உன் அம்மா மணையில் ஏறி விளக்குப் போட்டாள், வெள்ளிதோறும் மூடியைக் கழற்றித் தேய்த்துத் திருகினாள். கார்த்திகை தீபத்தன்று வாசலெல்லாம் அகல் வைத்துவிட்டு வந்து ஸ்விட்சைத் தட்டினாள். கூடத்து லைட் எரியவில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை தட்டினாள். எரியவில்லை. அவள் முகம் விழுந்துவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக இப்படியா என்று முணுமுணுத்துக்கொண்டே அரிக்கேனை ஏற்றினாள்.

மறுநாள் ஆபீசுக்குப் போகாமல் நானே பழுது பார்க்க உட்கார்ந்தேன். மெயினை நிறுத்தி, கூடத்துப் பல்பைக் கழற்றிச் சமையல் அறையில் போட்டுப் பார்த்தேன். அங்கே எரிந்தது. அப்படியென்றால் பல்பு சரி. மறுபடி மெயினை நிறுத்தி, பல்பு மாட்டுகிற பித்தளை ஹோல்டரைப் பார்த்தேன். அதற்குள் இரண்டு முளை இருக்கும், அமுக்கினால் எழும்ப வேண்டும். எழும்பின. பேனாக்கத்தியால் சுரண்டிச் சுத்தம் பண்ணினேன், எரியவில்லை. ஏணி வைத்து ஏறி, உத்திரத்தில் பல்பு ஒயரைத் தொங்கவிடுகிற பீங்கான் ரோஸைத் திறந்தேன். கழுத்து ஒடிந்துவிடும் போல் வலித்தது. இரண்டு கம்பியும் முறுக்கின முறுக்குக் கலையாமல் இருந்தன. பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன், கம்பி அறவில்லை. இரண்டு நாள் ஏறி இறங்கி எல்லாவற்றையும் திறந்தேன். ஸ்விட்சை மட்டும் திறக்கவில்லை. ஏணியை அதைத் தாண்டித் தாண்டித்தான் தூக்கிப் போனேன். கோளாறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் மற்ற இடமெல்லாம் தேடினேன். வேறு எதிலாவது நீ இப்படித் தேடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடு, தம்பி. மனசு எந்த இடத்தைத் தாண்டிப் போகச் சொல்கிறதோ அதை முதலில் திற.

மூன்றாம் நாள் உன் அம்மாவே ஆள் விட்டுக் காதர் பாயைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் வந்து ஒரு பார்வை பார்த்தார், நேரே ஸ்விட்சுக்குப் போனார். மெயினை நிறுத்தி மூடியைத் திருகிக் கழற்றினார். "யா அல்லா" என்றார். உள்ளே பீங்கான் மேலெல்லாம் காய்ந்த புளியும் சாம்பலும் சந்தனமும். பச்சை பூத்த செம்புக் கம்பி. "யாரும்மா இதைக் கழட்டிக் கழட்டிப் போடுறது?" என்று கேட்டார். "நான்தான் பாய், வெள்ளிக்கிழமையானா தேச்சு மாட்டுவேன்" என்றாள் உன் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே. அவர் சிரிக்கவில்லை. "இங்க பாருங்க சார். உள்ள வர்ற ஒயரு மூடியோட விளிம்புல மாட்டியிருக்கு. ஒவ்வொரு தடவை திருகுறப்பவும் நசுங்கியிருக்கு. ரப்பருதான் ஏற்கனவே உசிரு இல்லாதது. உள்ள மூணு இழை. ரெண்டு எப்பவோ அறுந்து மூடியத் தொட்டுக்கிட்டு நிக்கிது. மூணாவது கார்த்திகைக்கு அறுந்திருக்கு. அதான் லைட்டு போச்சு" என்றார்.

பிறகு மூடியைப் பழையபடி மாட்டி மெயினைப் போட்டார். தன் பையிலிருந்து இரண்டு ஒயர் வைத்துக் கட்டிய பல்பு ஒன்றை எடுத்தார். ஒரு ஒயரைக் கொல்லையில் புதைத்திருக்கிற எர்த்துக் கம்பிக்கு இழுத்துக் கட்டினார். இன்னொன்றைக் கொண்டுவந்து பித்தளை மூடியில் வைத்தார். பல்பு எரிந்தது. நம் கூடத்தில், ஸ்விட்சின் மூடியிலிருந்தே, பட்டப்பகலில் நன்றாக எரிந்தது. "இதை ஈரக் கையோட தொட்டவங்க யாராச்சும் உண்டா? அடிச்சிருக்குமே! ஆளையே எடுத்திருக்குமே!" என்றார். நான் தரையைப் பார்த்தேன். உன் அம்மா, "நான் தினம் தொடுறேனே பாய், எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், கீழே கிடந்த மணையைப் பார்த்தார். "இதுல ஏறி நின்னுதானே தொடுவீங்க? அதாம்மா. இது காஞ்ச மரம். உங்க உடம்பு வழியா தரைக்குக் கரண்டு எறங்க வுடாது. மணை இல்லாம தரையில நின்னு தொட்டிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும்" என்றார். உன் அம்மா அந்த மணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பொண்ணு உசரமாச்சே" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காதர் பாய் போனதும் நான் அவளிடம் சொன்னேன். மழை நாள், குடை, இழுப்பு, எல்லாம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. "நான் தெரியாம சொன்னேன். நீங்க தெரிஞ்சும்..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. இரண்டு நாள் சோறு போட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், "செந்துறைக்குப் போயிட்டு வாங்க. நான் வந்தா அந்தப் புள்ள முகத்துல எப்படி முழிப்பேன்? நீங்க மொதல்ல போங்க" என்றாள்.

போனேன். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை, நின்றுகொண்டேதான் போனேன், அது எனக்கு வேண்டியதுதான். சம்பந்தி என்னை வாங்க என்று கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தார். நான் எதையும் பூசி மெழுகாமல் சொன்னேன். ஒயர் பழசு என்று தெரிந்து போட்டேன், என்னை அடித்தது, மறைத்தேன், காதர் பாய் பல்பு வைத்துக் காட்டிய பிறகுதான் வாயைத் திறந்தேன், உங்கள் பெண் பொய் சொல்லவில்லை என்றேன். அவர் முகம் சிவந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து பாக்கியம் தலையைக் குனிந்து நிலையைத் தாண்டி வெளியே வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நான் தயாராக இருந்தேன். "அத்தை இன்னும் வெள்ளிக்கிழமை அதைக் கழட்டித் தேக்கிறாங்களா? அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். அதுதான் அவள் முதல் கேள்வி. சம்பந்திக்கு எதிரில் அழுதுவிட்டேன், தம்பி. வெட்கமாகக்கூட இல்லை.

"வூட்டுக்கு வாம்மா" என்றேன். "நான் சொன்னப்ப யாரும் நம்பலை. ஒரு பல்பு சொன்ன பொறவு நம்புறீங்க. பரவால்லைங்க மாமா, நீங்க வந்து சொன்னீங்க, அது போதும்" என்றாள். பிறகு சொன்னாள்: "மொத நாளு அடிச்சப்ப, அவரு சனிக்கெழமை ஊருக்கு வந்ததும் அவருகிட்டதான் சொன்னேன். கையைப் புடிச்சுப் பாத்தாரு, ஒண்ணும் தெரியலையேன்னாரு. எந்திரிச்சு ரெண்டு தப்படி நடந்து அதைத் தொட்டுப் பாத்திருக்கலாம். பாக்கலை. நான் அவருக்காகத்தான் காத்திருக்கேன். நீங்க கூப்பிட்டு நான் வர முடியாதுங்க." எழுந்து பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

நான் தொட்டுவிட்டு மறைத்தேன். நீ தொட்டே பார்க்கவில்லை. இரண்டில் எது பெரிய தப்பு என்று நிறுத்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. என் பங்கை நான் போய்ச் சொல்லிவிட்டேன். உன் பங்கு பாக்கி இருக்கிறது. லீவு போட்டுவிட்டு வா. அரியலூரில் ரயில் இறங்கினதும் வீட்டுக்கு வராதே, அங்கிருந்து நேரே செந்துறைக்குப் பஸ் ஏறு. மார்கழியாயிற்றே, தை பிறக்கட்டுமா என்று உன் அம்மாவைக் கேட்டேன். "ஆடியில அனுப்புறப்ப நாள் பாத்தீங்க, என்ன ஆச்சு? சும்மா வரச் சொல்லுங்க" என்றாள். அங்கே போய்ச் சமாதானம் சொல்ல ஆரம்பிக்காதே, என் மேலும் அம்மா மேலும் பழியைப் போட்டுவிட்டு நல்லவனாகிவிடவும் பார்க்காதே. எங்கே அடித்தது, எப்படி இருந்தது என்று கேள். ஆறு மாசம் கழித்துக் கேட்டாலும் கேட்பது கேட்பதுதான். உன் நல்ல காது அவள் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேள்.

ஒயர் முழுவதும் புதுசாக மாற்றியாயிற்று. ஸ்விட்சும் புதுசு, கறுப்பு மூடி, புளி போட்டுத் தேய்க்க எதுவும் இல்லை. காதர் பாய் கீழே இறக்கி வைக்கிறேன் என்றார், உன் அம்மா வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டாள். மணையைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டாள். "இதுல ஏறி நின்னுக்கிட்டுத்தானே அந்தப் பொண்ணைப் பொய்க்காரின்னேன்" என்றாள். இப்போதும் சாயங்காலம் ஆனால் கை கால் கழுவிக்கொண்டு வந்து ஸ்விட்சுக்குக் கீழே நிற்கிறாள். அண்ணாந்து பார்க்கிறாள். கை எட்டாது என்று அவளுக்குத் தெரியும். நான் எழுந்தால், "நீங்க உக்காருங்க, எட்டுறவ வந்து போடட்டும்" என்கிறாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அரிக்கேனை ஏற்றப் போய்விடுகிறாள்.

சுய நினைவோடு, யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கொடுத்தவன்,
உன் அப்பா